கைப்பிழை என்றால் திருத்தலாம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுப் பெண்களில் பலருக்கு எங்கள் அக்காவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கலியாண அல்பத்தைத் திறந்து பாருங்கள். மணவறைப் படங்களில் உங்கள் சேலையின் கொய்யகம், அந்த முன்மடிப்பு, குலையாமல் நிற்கிறதே, அது அக்காவின் வேலை. படத்தில் அவர் இருக்கமாட்டார். மணப்பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு அறைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுதான் அவருடைய வழக்கம். ஆகவே படத்தில் விழாத பகுதியை எழுதும் பொறுப்பு தங்கையான எனக்கு வந்திருக்கிறது.

அக்கா பிறந்தது மீசாலையில்; வளர்ந்தது வெள்ளவத்தையில். அப்பாவுக்குக் கொழும்பில் எழுதுவினைஞர் வேலை கிடைத்ததால் அக்கா பாலர் வகுப்புக்குப் போகும் வயதிலேயே குடும்பம் இங்கே வந்துவிட்டது. நான் பல வருடங்கள் கழித்துப் பிறந்தவள். அதனால் அவர் எனக்குப் பாதி அம்மா, மீதிப் பாதி என்னைப் படாதபாடு படுத்திய அக்கா. படிப்பில் அவர் கெட்டிக்காரி என்று எழுதினால் அவரே எழும்பி வந்து சிரிப்பார். உயர்தரப் பரீட்சையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் பொருளியலுக்கும் ஒத்துவராது" என்று புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

உரிய வயதில் கலியாணம் நடந்தது. அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு எடுத்து இருந்தார்கள். ஒரு மகன் பிறந்தான். அந்தப் பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருந்த நாட்களில், ஒரு காலை வேலைக்குப் புறப்பட்ட அத்தான் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தார், நிமிரவில்லை. அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

மகனோடு அக்கா எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வந்தார். பிறகு ஒருநாள், கொட்டாஞ்சேனையில் தங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் சலூன் வைத்திருந்த அன்ரியிடம் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். ரெலிபோன் எடுப்பதும், மணப்பெண்களுக்குச் சேலை கட்டும்போது பக்கத்தில் நின்று சேலைப் பின் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. அன்ரி கத்தோலிக்கர். அக்காவின் நெற்றியில் பொட்டு இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை, கை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். பின் எடுத்துக் கொடுத்துக்கொண்டே அக்கா பார்த்துப் பழகினார். தேவாலயக் கலியாணத்துக்குத் தலையில் நெற் துணி வைத்துச் சேலை கட்டுவது, சிங்களப் பெண்களுக்குக் கண்டியச் சேலை கட்டுவது எல்லாம் கைக்கு வந்தன. "ஹரி லஸ்ஸனய் நங்கி", நல்ல வடிவாயிருக்கு தங்கச்சி, என்று ஒரு தாய் கன்னத்தைத் தடவிச் சொன்னதை அன்றிரவு வீட்டில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். அத்தான் போன பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அவருடைய ஆசை வேறு. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் கூறை கட்டவேண்டும் என்பதே அது. வேறு ஊர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் மணப்பெண் ஒரு சேலையோடு மணவறைக்கு வருவார். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறைச் சேலையைத் தட்டில் வைத்துச் சபையில் பெரியவர்களிடம் ஆசி வாங்குவார்கள். அதைப் பெற்றுக்கொண்டு பெண் உள்ளே போய், உடுத்துக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் தாலி. மற்றச் சேலைகளை முதல்நாளே மடித்து அயன் பண்ணி, பின் குத்தி வைத்துவிடலாம். கூறையை அப்படிச் செய்யமுடியாது. தட்டில் இருந்தபடியே வரும், அறைக்குள் வந்த பிறகுதான் விரிக்கலாம். வெளியே ஐயர் நேரம் போகிறது என்று குரல் கொடுப்பார். வீடியோக்காரர் கதவைத் தட்டுவார். அந்த அவசரத்தில் கை நடுங்காமல் கட்டுகிறவருக்குத்தான் கூறை.

கூறையில் விதவையின் கை படக்கூடாது என்பது எங்கள் சனத்தின் எண்ணம். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அப்படியிருந்தும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. அன்ரிக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வெள்ளவத்தை மண்டபத்தில் கலியாணம். அக்கா நேரத்துக்குக் கூறை கட்டி அனுப்பினார். தாலி கட்டும் வரை ஒரு குறையும் இல்லை. அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை பெண்ணின் காலைத் தூக்கி வைக்க, கொய்யகத்தின் நுனி காலில் சிக்கியது. அடுத்த அடியில் இடுப்பில் இருந்து அவ்வளவும் இழுபட்டு வந்துவிட்டது. பெண்கள் ஓடிவந்து சூழ்ந்து நின்று ஒருவாறு சொருகிவிட்டார்கள். சாமான்களை எடுத்துக்கொண்டு அக்கா வெளியே வரும்போது சாப்பாட்டுப் பந்தியில் ஒரு குரல் கேட்டதாம்.

"அறுதலியைக் கூறையில கை வைக்க விட்டா வேற என்ன நடக்கும்?"

வீட்டுக்கு வந்து அக்கா இதைச் சொன்னபோது அம்மா அழுதுவிட்டார். "உனக்கு இந்த வேலை வேண்டாம் பிள்ளை. சனத்தின்ர வாயில ஏன் விழவேணும்?"

அக்கா அழவில்லை. அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"சனம் சொல்லுறது சரியெண்டா நான் செய்யிறதுக்கு ஒண்டுமில்லை அம்மா. அது தலையெழுத்து, ஆராலயும் மாத்தேலாது. ஆனா இது என்ர கைப்பிழை. சேர்ச்சில பொம்பிளை நடக்கிறா, நிக்கிறா, வாங்கில இருக்கிறா. நான் பழகினது அந்தக் கட்டு. எங்கட பொம்பிளை சம்மணம் கொட்டி இருக்கிறா, எழும்புறா, காலைத் தூக்குறா, நெருப்பைச் சுத்துறா, விழுந்து கும்பிடுறா. அதுக்கு வேற கட்டு வேணும். கைப்பிழை எண்டாத் திருத்தலாம்."

மறுநாள் கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேசை இழுத்துத் தன்னுடைய கூறையை வெளியே எடுத்தார். அரக்குச் சிவப்பு, அகலக்கரை. கலியாணத்துக்குப் பிறகு ஒருவரும் விரித்துப் பார்க்காத சேலை. அம்மா பதறிப்போனார். "உள்ளுக்குக் கிடந்து கறுக்கிறதை விட எனக்குப் பழகப் பயன்படட்டும்" என்றார் அக்கா. பட்டு வழுக்கும் விதமும் கரையின் பாரமும் வேறு சேலையில் வராதாம். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கூறை அதுதான்.

பழகுவதற்குப் பொம்மை நான். எங்கள் சாப்பாட்டு மேசைதான் அக்கினி, பாத்ரூம் ஸ்டூல்தான் அம்மி. நான் கணக்கியல் குறிப்பை வாசித்தபடி மேசையைச் சுற்றுவேன், இருப்பேன், எழும்புவேன், ஸ்டூலில் கால் வைப்பேன், அப்பாவின் காலில் விழுவேன். எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் தளர்கிறது என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தலையில் குட்டு. மாடிப்படியால் இறங்கிப் போகும் பக்கத்து வீட்டுக்காரர், "என்ன, தங்கச்சிக்கு ஒவ்வொரு நாளும் கலியாணமோ?" என்று கேட்பார். முழங்காலுக்கு நேரே எவ்வளவு தளர்வு விடவேண்டும், கொய்யகத்தை உள்ளே எப்படிப் பாவாடை நாடாவோடு பிடிக்கவேண்டும் என்பதையெல்லாம் என் மேலேதான் கண்டுபிடித்தார். ஒரு பின்னும் வெளியே தெரியக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

கஷ்டமான பகுதி இதற்குப் பிறகுதான். கை திருந்திவிட்டது, கூப்பிட ஆளில்லை. கொட்டாஞ்சேனையில் வேலை இருந்தது. வெள்ளவத்தையில் ஒரு குடும்பமும் கூறைக்கு அழைக்கவில்லை. வருடக்கணக்காக, அழைப்பே வராத வேலைக்கு அவர் வாராவாரம் பழகினார். "ஏன் அக்கா இந்த வீண்வேலை?" என்று நானே அலுத்துக் கேட்டிருக்கிறேன். "கூப்பிடுற நாளில கை மறந்திருந்தா அவை சொன்னது சரியாப் போயிடும்" என்பார்.

கூப்பிட்டது கடைசியில் நான்தான். எனக்கு வத்தளையில் சம்பந்தம் சரிவந்தது. கூறையை அக்காதான் கட்டுவார் என்று சொல்லியனுப்பினோம். என் மாமியார், அதாவது மாமி, அம்மாவோடு ரெலிபோனில் கதைத்தார்.

"குறை நினைக்காதேங்கோ. நானும் அவர் இல்லாதவள்தான். நானே மணவறைப் பக்கம் வரமாட்டன், அண்ணாவும் அண்ணியும்தான் நிண்டு நடத்துவினம். எனக்கு இருக்கிறது ஒரு பிள்ளை. கூறையை வேற ஆரும் கட்டட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கலியாணமே வேண்டாம் என்று குதித்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "வாயை மூடடி. அவ பயத்தில கதைக்கிறா. பொல்லாப்பில இல்லை."

அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு, வத்தளை வழியாகப் போகும் நீர்கொழும்பு பஸ்ஸில் ஏறினார். சண்டைக்குத்தான் போகிறோம் என்று நான் நினைத்தேன். மாமி ஹவுஸ்கோட்டோடு கதவைத் திறந்தார். தேநீர் வந்தது, பலகாரம் வந்தது, கூறைப் பேச்சு மட்டும் வரவில்லை.

"கலியாணத்துக்கு நீங்கள் என்ன உடுக்கப் போறியள் மாமி?" என்று அக்கா கேட்டார்.

"மூலைக்குள்ள இருக்கிறவளுக்கு என்ன உடுப்புப் பிள்ளை? தோள் எழும்பாது. குனிஞ்சு கொய்யகம் பிடிக்கவும் ஏலாது. சேலை கட்டிக் கனகாலம்."

"ஒருக்கா நான் கட்டிவிடட்டே?"

மாமி கொஞ்சம் தயங்கி, அலுமாரியில் இருந்து சந்தன நிறச் சேலை ஒன்றை எடுத்துவந்தார். அக்கா தரையில் முழந்தாளிட்டு, அந்த வலிக்கும் தோளைத் தூக்கச் சொல்லாமலே, கட்டி முடித்தார். மாமி கண்ணாடியில் பார்த்தார். நாங்கள் விடைபெற்று வந்துவிட்டோம்.

பின்னேரம் ரெலிபோன் அடித்தது. மாமி அக்காவைத்தான் கேட்டார்.

"பிள்ளை, நான் இன்னும் அவிழ்க்கேல்லை. சமைச்சன், இருந்தன், எழும்பினன், சாமியறையில விழுந்தும் கும்பிட்டன். அப்பிடியே நிக்குது. கூறையையும் நீயே கட்டு. ஆனா நானும் அறைக்குள்ள நிப்பன்."

அப்படித்தான் என் கலியாணத்தில், தாலிக்கு முந்திய அந்த அவசர நேரத்தில், என்னோடு அறைக்குள் இருந்தவர்கள் இரண்டு விதவைகள். ஒருவர் கட்டினார், ஒருவர் பின் எடுத்துக் கொடுத்தார். நான் அம்மி மிதித்தேன், அக்கினியைச் சுற்றினேன், பெரியவர்களின் காலில் விழுந்தேன். என் கை ஒருமுறையும் சேலைக்குப் போகவில்லை. கதவுக்குப் பின்னால் அக்காவின் கையை மாமி இறுக்கிப் பிடித்திருந்ததை மணவறையில் இருந்தே கண்டேன். பந்தியில் யாரோ, கூறை கட்டியது யார் என்று கேட்க, "எங்கட பிள்ளைதான்" என்று மாமி மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். காலி வீதியில் இருந்து இறங்கும் ஒழுங்கையில் மாடியில் சொந்தக் கடை. ஐப்பசி, தை மாதங்களில் அவரைப் பிடிப்பதே பெரும்பாடு. ஐம்பது வயதுக்குப் பிறகும் புதிய மேக்கப் முறைகளை யூரியூப்பில் பார்த்து, தன் முகத்திலேயே போட்டுப் பார்த்துப் பழகினார். சில நாட்கள் பயங்கரமாக இருக்கும். தன்னிடம் வேலைக்கு வந்த ஜெனிட்டாவையும் தர்ஷினியையும் முதலில் தன் பழைய கூறையை ஒருவருக்கு ஒருவர் கட்டி, இருந்து எழும்பிக் காட்டச் சொல்வார். அதன் சரிகை அங்கங்கே தேய்ந்து நூல் தெரிந்தது. பிழை விட்டால் ஏச்சு நிச்சயம். ஆனால் "உனக்கு ராசி இல்லை" என்ற சொல் அந்தக் கடைக்குள் வந்ததே இல்லை. அந்த உழைப்பில் அவருடைய மகன், என் பெறாமகன், படித்து, இன்று இரத்மலானையில் நல்ல வேலையில் இருக்கிறான்.

வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதத்திலும் வீடியோ அழைப்பில் கடைப் பிள்ளைகளின் வேலையைப் பார்த்தார். "என்ர முகத்தை ஏன் பார்க்கிறாய்? கமராவைக் கீழ காட்டடி, கொய்யகத்தைப் பாப்பம்!" என்று அவர் அதட்டியதைக் கேட்டு அடுத்த கட்டில் நோயாளி சிரித்தார். அதன்பின் சில நாட்களில், மகனின் கையைப் பிடித்தபடி போய்விட்டார். இப்போதும் சேலை உடுக்கும்போது தலையில் குட்டு விழும் என்று காத்து நிற்கிறேன். தாங்கமுடியவில்லை.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு எந்தச் சேலையைக் கொடுப்பது என்று வீட்டில் கதை வந்தது. வெளிர் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். கைத்தடியோடு வந்து கதிரையில் இருந்த மாமி, "அவவின்ர கூறை எங்க?" என்று கேட்டார்.

"மாமி, அவர் இல்லாதவைக்குக் கூறை கட்டுறேல்லை" என்று ஒரு உறவினர் மெதுவாகச் சொன்னார்.

"அதை நான் ஒருக்காச் சொல்லிப் பிழை விட்டனான். இன்னொருக்காச் சொல்லமாட்டன். எடுத்துக்கொண்டு வாங்கோ."

பெறாமகன் கடைக்குப் போய் எடுத்துவந்தான். ஜெனிட்டாவும் தர்ஷினியும் கட்டினார்கள். அவர்களின் கை நன்றாக அறிந்த சேலை அது. தேய்ந்த இடங்களை உட்பக்கம் மடித்து, நல்ல கரை மேலே வரும்படி கட்டினார்கள்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சாப்பாடு கொண்டுவந்த மாடிவீட்டு அயலவர்களுக்கும், முதல் பின் பெட்டியைக் கையில் கொடுத்த கொட்டாஞ்சேனை அன்ரிக்கும், கனத்தை மயானம் வரை வந்து வழியனுப்பிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கடையை ஜெனிட்டாவும் தர்ஷினியும் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

மாமியைப் பற்றி இவ்வளவையும் எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுது. எழுதி, அடியில இதையும் போடு. என்ர நாளிலயும் எனக்கு என்ர கூறைதான். அந்தப் பிள்ளையளைத்தான் கூப்பிடவேணும். ஒரு பின்னும் வெளிய தெரியக்கூடாது."

போட்டுவிட்டேன், மாமி.