மொட்டைத் தலையும் சக்கர நாற்காலியும்

நெல்லித்தோப்பில் ஒரு மண்டபத்தின் பின்பக்கக் கொட்டகையை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு விட்டிருந்தார்கள். சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, ஊன்றுகோல் என்று எது வந்தாலும் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுப்போம். மூன்றே பேர்தான். நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். இரண்டாமவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர், அவரைச் சொல்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூன்றாவது, கிழிந்த ரெக்சின் சீட்டுகளைத் தைத்துத் தரும் தையல்கார அக்கா. ஆறு நாள் முதலாளிக்கு நட்டு முடுக்கிவிட்டு ஏழாம் நாளும் நட்டு முடுக்கப் போகிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று என் மனைவி கேட்பாள். இருக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழுதுக்கு வரும் வண்டியோடு அதற்குரியவரும் வந்துவிடுவார். பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்னும் ஆகலையா என்று உயிரை வாங்குவார். ஆள் இல்லாமல் வண்டி மட்டும் வந்தால் அது இறந்தவருடையது. கருமாதி முடிந்ததும் வீட்டில் யாராவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை நான் வாய் தவறி எப்போது என்று ஒருவரைக் கேட்டுவிட, அந்த மனிதர் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதார். அன்றிலிருந்து கேட்கக் கூடாது என்பது எங்கள் கொட்டகையின் சட்டம். அப்படி வரும் வண்டியைப் பிரித்து, சக்கரம் ஒருவருக்கு, கைப்பிடி ஒருவருக்கு என்று கொடுத்துவிடுவோம்.

ஒரு மே மாதக் கடைசியில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நல்ல கனமான வண்டி, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஆடியது. தலை மழமழவென்று மொட்டை. முகத்தில் மீசையும் இல்லை.

"அம்மாவோடதுண்ணே. டூட்டிக்கு நேரமாவுது. வச்சிட்டுப் போறேன்" என்றார்.

சொல்தா தொப்பியைக் கழற்றினார். நான் எழுந்து போய் அந்தப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க தம்பி. நாங்க பாத்துக்கறோம்" என்றேன். ஒரு சக்கரத்துக்கா இவ்வளவு என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். துக்கத்தில் இருப்பவர் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் போனபின் மூவரும் இரண்டு நிமிடம் பேசாமல் நின்றோம். அன்று மதியமே வண்டியைப் பிரித்தேன். சக்கரங்கள் இரண்டும் அதே நெல்லித்தோப்பில் ஒரு பெண்ணின் வண்டிக்குப் போயின. சீட்டு வேறொருவருக்குப் போனது. வண்டியின் இரும்புச் சட்டத்தை மட்டும் சுவரில் மாட்டிவைத்தோம்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். தலையில் முடி வளர்ந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமல டூட்டி போட்டுட்டாங்கண்ணே, அதான் வர முடியல. அம்மா வண்டி ரெடியா?"

"எந்த அம்மா?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

"எங்கம்மாதாண்ணே. வண்டி வருமான்னு வாசலையே பாத்துக்கினு இருக்குது."

கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. சொல்தா "மோந்தியே" என்று கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தையல்கார அக்காதான் மெல்ல, "அப்ப அந்த மொட்ட?" என்று கேட்டாள்.

"மயிலம் கோயில்ல போட்டதுக்கா. அம்மா ஜொரத்துல படுத்து பொழச்சிதுல்ல, அதுக்கு வேண்டிக்கினேன்."

அம்மா பிழைத்ததற்கு அடித்த மொட்டையைப் பார்த்து நாங்கள் அந்த அம்மாவைக் கொன்றிருக்கிறோம். சுவரில் தொங்கிய சட்டத்தை அவர் பார்த்துவிட்டார். அடையாளம் தெரிந்ததும் அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான்.

மூலக்குளத்தில் அவர்கள் வீடு. அந்த அம்மா தரையில் கோணியை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து கையை ஊன்றி நகர்ந்து வந்தார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"நான் செத்துட்டன்னு நெனச்சிக்கினீங்களா?"

"ஆமாம்மா."

"யாராவது அழுதீங்களா?"

"பேசாம நின்னோம்மா, ரெண்டு நிமிஷம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க தம்பி. பத்து வருசமா அந்த கேட்டாண்ட மாங்கா, நெல்லிக்கா விக்கிறேன். எடம் போச்சின்னா எனக்கு வேற பொழப்பு இல்ல. சீக்கிரம் குடுங்க."

அந்தச் சக்கரங்களைத் திருப்பிக் கேட்க நெல்லித்தோப்புப் பெண்ணின் வீடுவரை போனேன். அவள் அதே சக்கரங்களில் குழாயடியிலிருந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கேட்காமலே திரும்பிவிட்டேன். வேறு சக்கரங்களைத் தேடிப் பிடித்து, பட்டறையில் முதலாளியிடம் கெஞ்சி அச்சுக்குப் புஷ் கடைந்து, தையல்கார அக்கா தைத்துத் தந்த புதுச் சீட்டையும் போட்டு, நான்கு நாளில் வண்டியைத் தயார் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த அம்மாவை உட்காரவைத்து, மடியில் மாங்காய்த் தட்டோடு நானே பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

கேட் ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் வேறொரு பெண் தட்டு வைத்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அலறி எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யக்கா... உம்மவன் மொட்டத் தலயோட போனத பாத்தேனே. நீயும் வரல. அதான் நான்..." என்று இழுத்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "வீட்டாண்ட போயி ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னாம்மா கேடு? உயிரோட இருக்கறவங்க எடத்துல வந்து குந்திக்கினு..." என்று நடுத்தெருவில் கத்தினேன். அவள் தட்டைத் தூக்கப் பார்த்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நாற்காலியிலிருந்து அந்த அம்மா திரும்பாமலே சொன்னார். "அவள ஏன் திட்ற? நீ வந்து கேட்டியா?"

இவள் ஒரு நிழலைத்தான் எடுத்துக்கொண்டாள். நான் இவருடைய கால்களையே எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கமா தள்ளு" என்றார். கேட்டின் மறுபக்கம் மரம் கிடையாது. உச்சி வெயில். அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மாங்காய்ப் பத்தைகளில் மிளகாய்ப்பொடி தூவினார். சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே வந்து, நேராக வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள்.