பதினோராவது கேள்விக்கு முரளி சொன்ன பதில்

பேயைப் பார்த்தேன், ஆவியோடு பேசினேன் என்று சொல்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அவர்களுக்குக் கண் சரியில்லை, இல்லாவிட்டால் வாய் சரியில்லை. அரசாங்கத்தின் புள்ளிவிவர வேலையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். மனிதர்கள் எத்தனை விதமாகப் பொய் சொல்வார்கள் என்று வகைப்படுத்தச் சொன்னால் தூக்கத்தில் எழுப்பினாலும் வகைப்படுத்துவேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சிரித்திருப்பேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆசிரியர்களை வைத்து எடுப்பார்கள். பாதிப் பேர் வீட்டுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிற ரகம். அது முடிந்து சில வாரம் கழித்து, சில இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து நாங்கள் போவோம். அவர்கள் எழுதியதைப் பார்க்காமலேயே அதே வீடுகளில் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்போம். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் ஒழுங்காக வேலை செய்தார், யார் ஏமாற்றினார் என்று தெரிந்துவிடும். எண்ணிக்கை உதைத்தால் அந்த ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போய்த் தீர்த்துவைக்க வேண்டும், அந்த இரண்டாவது பயணத்தில் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம்.

பழவேற்காட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஏரிக்கு அந்தப் பக்கம் படகில் போகவேண்டிய ஒரு குப்பம். பெயர் வேண்டாம். நான் போனது நல்ல வெயில் நேரம், பத்தரை பதினொன்று இருக்கும். இருட்டு, அமாவாசை, நாய் ஊளை எதுவும் கிடையாது. கருவாட்டு நாற்றம் மட்டும் தாராளமாக இருந்தது.

ஏழாவது வீடு தேசப்பனுடையது. நாற்பத்தைந்து வயதுக்காரர், ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டால்தான் வாயைத் திறப்பார். வீட்டில் எத்தனை பேர் என்றேன்.

"ஆம்பள ரெண்டு, பொம்பள ரெண்டு" என்றார்.

தேசப்பன், மீன் விற்கப் போயிருந்த அவர் மனைவி, தம்பி முரளி, முரளியின் மனைவி ஜமுனா. ஜமுனா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் தாலி இருந்தது, திருமணமானவர் என்று குறித்துக்கொண்டேன். முரளியின் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் உள்ளே போய்விட்டது.

"முரளியைக் கூப்பிடுங்க, அவர்கிட்ட நேரா கேக்கணும்."

"அவன் இப்ப இல்ல சார்."

"எப்ப வருவாரு?"

"தெரில சார்" என்று சொல்லிவிட்டு, வலைக்கு ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து போயே போய்விட்டார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆளைப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை, அது டீச்சர்கள் செய்கிற வேலை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். தண்ணீர் ஓரத்தில் ஒருவன் மணலில் உட்கார்ந்து வலையில் ஒட்டிய சிப்பிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தான். முரளியா என்றேன், ஆமா சார் என்றான். அண்ணன்காரர் பொய் சொல்லியிருக்கிறார், ஆள் பத்தடி தூரத்தில் இருக்கிறான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன்.

வயது முப்பத்தொன்று, எட்டாவது வரை படிப்பு, மீன்பிடி. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னான். என் பக்கம் திரும்பவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான். எங்களைப் போன்றவர்களிடம் பாதிப் பேர் அப்படித்தான் பேசுவார்கள், நான் பொருட்படுத்தவில்லை. பதினோராவது கேள்வி, கணக்கெடுப்பு நாளில் எங்கே தங்கியிருந்தீர்கள் என்பது.

"கொக்குத்திட்டுக்கு வடக்கால, வுட்டுப்போன பழைய பாடு கீது பாருங்க. அங்க மூணாவது கழியாண்ட" என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை அப்படியே எழுதிக்கொள்வது எங்கள் விதி, எழுதிக்கொண்டேன். மற்றதையும் கேட்டு முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அலுவலகத்தில் தாள்களைப் பக்கத்தில் வைத்தபோது எனக்கு ஒரே கொண்டாட்டம். வளர்மதி என்கிற டீச்சர் அந்த வீட்டில் மூன்று பேர் என்று எழுதியிருந்தார். ஆள் விடுபட்டிருக்கிறது. தலைமையாசிரியர் பதவி உயர்வுக்குக் காத்திருந்தவராம், ஒரு மெமோ போனால் அதோடு சரி. எனக்கென்ன.

பத்து நாள் கழித்து அந்த டீச்சரோடு அதே படகில் போனேன். தேசப்பன் வீட்டு வாசலில் வைத்து, நான்காவது ஆளை ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்டதும் அந்தம்மா நிதானமாகச் சொன்னார்.

"சார், முரளி முகத்துவாரத்துல காணாம போய் ஏழு மாசம் ஆவுது. படகு மட்டும் லைட்ஹவுஸ் குப்பத்தாண்ட கரை ஒதுங்குச்சு. ஆளு கடலுக்குள்ள போயிட்டான்."

நான் தேசப்பனைப் பார்த்தேன். பிறகு ஏன் ஆம்பளை இரண்டு என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவன் பாடு இன்னும் ஓடுது சார்" என்றார்.

ஏரியில் வலை போடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயராம். சீட்டுக் குலுக்கிப்போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள், ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் ஒரு முறை உண்டு. உடல் கிடைக்காமல் போனவனின் முறையை ஒரு வருடத்துக்கு எடுக்கமாட்டார்கள், அவன் பெயரிலேயே சீட்டு விழும், அண்ணனோ பங்காளியோ வலை போடுவார்கள். அதுவரை பெண்டாட்டி தாலியையும் கழற்றக்கூடாது, அழக்கூடாது. வீட்டில் ஆண்கள் எத்தனை என்று யாராவது கேட்டால் பாடு எத்தனை என்ற கணக்கைத்தான் சொல்வார்கள். இந்த லட்சணத்தில் நாட்டுக்குப் புள்ளிவிவரம் வேண்டுமாம்.

ஆனால் நான் அவனோடு பேசினேன், பின்பக்கம் உட்கார்ந்திருந்தான் என்றேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், இருபத்திரண்டு வருடமாக நான் மற்றவர்களைப் பார்த்த பார்வைதான் அது. நான் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன் என்று நினைக்கிறார். சொன்னால் நம்புங்கள், அந்த நிமிடம் எனக்குப் பயமே வரவில்லை, மானம்தான் போனது. என் படிவம் பொய்யில்லை என்று காட்டுவதற்காகவே பையிலிருந்து தாளை எடுத்து, அந்தப் பதினோராவது பதிலை உரக்க வாசித்தேன். கொக்குத்திட்டுக்கு வடக்கு, விட்டுப்போன பழைய பாடு, மூன்றாவது கழி.

ஜமுனா உள்ளேயிருந்து வெளியே வந்தது.

"இன்னொருக்கா படிங்க சார்" என்றது.

படித்தேன். தேசப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த இடம் தூர்ந்துபோய் பன்னிரண்டு வருடமாக யாரும் வலை போடுவதில்லையாம், நட்டு வைத்த கழிகள் மட்டும் சேற்றில் நிற்கின்றனவாம், அந்தப் பெயரே இப்போது குப்பத்தில் பத்துப் பேருக்குத்தான் தெரியுமாம். படகு கடலோரம் கிடைத்ததால் ஏழு மாதமாகக் கடலைத்தான் தேடியிருக்கிறார்கள். ஏரிக்குள் ஒருவரும் தேடவில்லை.

"நாம போயி பாக்கலாம் மாமா" என்று ஜமுனா தேசப்பனிடம் சொன்னது. அந்தக் குரலில் இருந்த அவசரத்தை என்னால் மறக்க முடியவில்லை. இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் ஏழு மாதம் அழாமல் அடக்கிவைத்திருந்த பெண் அது. நானோ அதன் வாசலில் நின்று, என் தாளில் எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

தேசப்பனும் குப்பத்து ஆட்கள் மூன்று பேரும் படகில் போனார்கள். மூன்றாவது கழியில் வலை சுற்றியிருந்தது, வலைக்குள் மிச்சம் இருந்தது. அதைப் பற்றி விவரிக்கமாட்டேன், அதையெல்லாம் ரசித்துச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணை வைத்து ஜமுனா அடையாளம் சொன்னது. பிறகு மணலில் உட்கார்ந்து அழுதது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் தூரத்தில் நின்றேன், எனக்கு அங்கே என்ன வேலை.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று போலீஸ் ஏட்டு என்னைக் கேட்டார். யாரோ சொன்னார்கள் என்றேன். அதுவும் உண்மைதானே. வளர்மதி டீச்சருக்கு மெமோ போகவில்லை, அவர் எழுதிய மூன்றுதான் சரி என்று குறிப்பு எழுதினேன். வெயிலில் மண்டை குழம்பியிருக்கும், யாரோ பேசியது காதில் விழுந்து மனதில் தங்கியிருக்கும் என்று சொல்ல வருகிறீர்கள். சொல்லுங்கள். உங்களைவிட நன்றாகவே நான் அதை எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த இடத்தின் பெயரை அதற்கு முன் என் முன்னால் உச்சரித்தவர் ஒருவர்கூட இல்லை.

ஆனால் அன்று அவர்களுக்குப் பதினோராவது பதிலை மட்டும்தான் வாசித்தேன். அதற்கு அடுத்ததை வாசிக்கவில்லை, தேசப்பனுக்கும் சொல்லவில்லை, இன்றுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. பன்னிரண்டாவது கேள்வி, அந்த இடத்தில் அன்று உங்களோடு வேறு யாராவது இருந்தார்களா என்பது.

"நாலு பேரு கீறாங்க சார்" என்றான் முரளி.

பெயரும் வயதும் சொல்லு என்றேன்.

"பேரு தெரியாது சார். நீங்களே வந்து எண்ணிக்கினு போங்க."

எனக்குப் பசி, வெயில், இன்னும் ஐந்து வீடு பாக்கி. வருகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போகாமலிருப்பது எங்களுக்கு வழக்கம்தான், அந்த அலட்சியத்திலேயே "சரி, வர்றேன்" என்றேன். தேசப்பனின் படகு அன்று கரைக்குக் கொண்டுவந்தது ஒருவனைத்தான், அந்த நாலு பேரை எண்ண நான் இன்னும் போகவில்லை. தாளின் பிரதி என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டாவது கட்டத்தில் நான்கு என்ற எண்ணும், அதற்குப் பக்கத்தில் 'நேரில் வந்து சரிபார்க்கப்படும்' என்றும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கீழே என் கையொப்பமும் இருக்கிறது.