முதல் கவளத்தோடு ஒரு மாத்திரை

பெங்களூரு ஓசூர் ரோட்டு மருத்துவமனை ஒன்றின் ஐந்தாவது மாடிக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளும் தமயந்திக்கு, நோயாளியின் முகத்தைவிட அவர் திருப்பித் தரும் தட்டுதான் அதிகம் சொல்லும். சப்பாத்தியின் ஓரம் மட்டும் கடிபட்டிருந்தால் வாய்ப்புண். எல்லாமே அப்படியே வந்தால் பார்க்க வந்தவர்களோடு ஏதோ சண்டை. கோலார் தங்கவயலில் பிறந்து பொம்மனஹள்ளியில் குடியேறியவர், பன்னிரண்டு வருடமாகத் தட்டு எடுக்கிறார். அவர் கணக்கு தப்பியது குறைவு.

512ஆம் அறை டெஸ்மண்ட் சாரின் தட்டுதான் அவரைக் குழப்பியது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கணையம் பழுதாகிப் படுத்திருந்தார். மூன்று வேளையும் தட்டு துடைத்ததுபோல வரும். மத்திக் குழம்பு என்றால் முள் மட்டும் மிஞ்சும். ஆனாலும் ஆள் இளைத்துக்கொண்டே போனார். திங்கட்கிழமை எடை நாற்பத்தொரு கிலோவுக்குக் கீழே இறங்கினால் மூக்கில் குழாய் போட்டுத்தான் உணவு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“தட்டும் காலி, ஆளும் காலி. நான் தின்னதெல்லாம் யாருக்குப் போகுதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லும்மா” என்று சார் சிரித்தார். சிரிப்பில் பயம் இருந்தது.

தமயந்தி நிஜமாகவே விசாரித்தார். உணவு நிபுணர் பிரசன்னா மேடம் நின்றபடியே விளக்கினார். கொழுப்பு தண்ணீரில் கரையாது. பித்தநீர் அதைப் பொடித் துளிகளாக உடைக்கும். கணையநீர் அந்தத் துளிகளைக் குடல் உறிஞ்சும் அளவுக்கு வெட்டும். மீனில் இருக்கும் நல்ல கொழுப்பு அமிலங்களும் அந்த வழியாகத்தான் உடம்பில் சேரும். சாருக்குக் கணையநீர் போதவில்லை. அதற்கு ஈடாகத்தான் மாத்திரை. மாத்திரை இல்லாவிட்டால் மீன் கொழுப்பு வந்த வழியே வெளியே போய்விடும்.

தமயந்திக்குப் பாத்திரம் கழுவும் தொட்டி நினைவுக்கு வந்தது. சோப்பும் எண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பிசுக்கு போகும். ஆனால் சார்தான் தினமும் மாத்திரை போடுகிறாரே, நர்ஸும் சீட்டில் குறித்துக்கொள்கிறாரே?

வியாழக்கிழமை மதியம் தட்டை எடுக்கக் குனிந்தபோது பிடிபட்டது. அலமாரி மேல் சின்னக் கிண்ணத்தில் இரண்டு மாத்திரைகள் அப்படியே இருந்தன. யோசித்துப் பார்த்தால், தட்டு எடுக்கும் ஒவ்வொரு வேளையும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. சாரின் மனைவி ஆஞ்சலா, அது தங்கள் வீட்டுப் பழக்கம் என்றார். முதலில் ஜெபம், பிறகு சாப்பாடு, பிறகு நன்றி ஜெபம். மேசை ஒழிந்த பிறகே மருந்து. சோற்றுக்குப் பக்கத்தில் மருந்து வைப்பது சாரின் அம்மாவுக்கு ஆகாதாம்.

இதைச் சொல்லக் கிளம்பியவரைச் சாப்பாட்டுப் பிரிவு மேற்பார்வையாளர் கோவிந்தப்பா தடுத்தார். “மருந்து விஷயம் நமக்கு பேடம்மா, வேண்டாம். தட்டை மட்டும் பாரு.”

“தட்டைத்தான் பார்த்தேன் சார்” என்று சொல்லிவிட்டு தமயந்தி நேராக பிரசன்னாவிடம் போனார். “மேடம், எண்ணெய் சாக்கடையில இறங்கினப்புறம் சோப்பு போடுறாங்க.”

பிரசன்னா அப்போதே 512க்கு நடந்தார். டாக்டரிடமும் பேசினார். அன்று மாலையிலிருந்து முதல் கவளத்தோடு ஒரு மாத்திரை, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. ஆஞ்சலா தயங்கியதும் சாரே முடித்துவைத்தார்: “ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லு, மாத்திரையும் அதுல சேர்ந்துடும்.” அடுத்த நாள்களில் தமயந்தி தட்டை வைத்தார், மாத்திரை தொண்டையில் இறங்கும்வரை வண்டியை நகர்த்தவில்லை. அடுத்த அறைகளில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

திங்கட்கிழமை தராசு நாற்பத்தொன்று புள்ளி மூன்று காட்டியது. போன வாரத்தைவிட ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. டாக்டர் குழாயை ஒரு வாரம் தள்ளிவைத்தார். அடுத்த திங்கள் அறுநூறு கிராம் ஏறியிருந்தது. குழாய்ப் பேச்சு நின்றது.

அன்று மதியம் 512ஆம் அறைத் தட்டில் அரைச் சப்பாத்தி மிச்சம் இருந்தது.

“வயிறு நிறைஞ்சிடுச்சும்மா” என்றார் சார், குற்றம் செய்தவர்போல.

மிச்சம் கண்டாலே முகம் சுளிக்கும் தமயந்தி, அந்த அரைச் சப்பாத்தியைக் கழுவும் இடம்வரை கொண்டுபோய் கோவிந்தப்பாவிடம் காட்டினார்: “தட்டை மட்டும் பாருன்னீங்களே சார், பாருங்க, தின்னது உடம்புல சேருது.”