தொண்டியை மறைத்த துணிக்கடைக்காரர்

இலங்கையின் அட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த அவரும் என்னைப் போலத் தொண்டியில் பிறந்தவர். நெடிய உருவம், வெண்தாடி. முழம் போட்டபின் ஒரு சாண் கூட்டியே கிழிப்பார்.

மலைநாட்டில் துணியின் விலைக்கு முன் கடைக்காரரின் ஊரைத்தான் கேட்பார்கள். அன்றும் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி கேட்டாள்: "மொதலாளி எந்தூருங்க?"

"மதுரைப் பக்கம்மா."

அன்று மாலைக் கூட்டத்தில் தொண்டியின் பெருமையைப் பேசவென்றே அட்டனுக்கு வந்திருந்த எனக்குள் தீ மூண்டது. அவள் போனதும் சீறினேன். "நம்ம ஊரு பேரைச் சொன்னா வாய் வெந்துடுமா, பாய்?"

"கத்தாதீங்க தம்பி. அந்தம்மாவோட பாட்டன் தோட்டக் கூலியா தொண்டியிலதான் தோணி ஏறினாராம். ஆட்டு மந்தையாட்டம் அடைச்சு ஏத்தினாங்களாம். அந்தத் தோணி எங்க அத்தாவோடது, என்னைப் பெத்தவரோடது."

"அப்போ அதை அவங்க முகத்துக்கு நேரா சொல்லுங்க!"

"சொன்னா திட்டமாட்டாங்க. 'தொண்டியா, நம்ம சனமா'ன்னு சிரிப்பாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியாது."

மாலையில் மேடையேறினேன். அகிலும் துகிலும் வந்திறங்கிய துறையென்று தொண்டியைப் புகழ்ந்த அதே நாவால், மனிதரைச் சரக்காக ஏற்றிய தோணிகளையும் பழித்தேன். தோணிக்காரரின் பெயரை மட்டும் சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்து முதலில் கைதட்டியவர் அந்தத் துணிக்கடைக்காரரே. அது துணிவா, தப்பித்தவரின் நிம்மதியா? இன்றும் எந்த மேடையில் கைதட்டல் கேட்டாலும் முன்வரிசையில் அந்த வெண்தாடியைத்தான் தேடுகிறேன்.