கப்பல் ஏறாதவள் எழுதிய விடைத்தாள்

எனக்காக ஜெபித்த எல்லாருக்கும் இதைச் சொல்லக் கடன்பட்டிருக்கிறேன். ஹைஸ்கூல் ஆங்கிலப் பரீட்சையில் இரண்டு முறை தோற்ற ஆசிரியை நான். ஹைஸ்கூல் தேறாதவர்கள் இனி பாடம் நடத்தக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. இன்னொரு முறை தோற்றால் ஆம்பூர் மிஷன் பள்ளியில் எனக்கு வேலை இல்லை. பள்ளிக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த அறையும் இல்லை. தோல் பதனிடும் ஷாப்பில் நடந்த விபத்தில் என் கணவர் இறந்தபின், எனக்கும் மகள் லில்லிக்கும் அந்த அறையே உலகம்.

தலைமையாசிரியர் ஞானமுத்து ஐயா மாலையில் என்னைப்போல் தேறாத ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்வார். இரண்டு பயிற்சிகள். ஓர் ஆங்கிலச் சொற்பொழிவைக் கொடுத்து, பேசுகிறவர் கேட்பவர் மனத்தை எப்படி அசைக்கிறார் என்று ஆராயச் சொல்வார். எனக்கு அது கதவில்லாத சுவர். மற்றொன்று, சொந்த வாழ்வில் நடந்ததை எழுதுவது. அதற்கு நாங்கள் எல்லாருமே மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து ஒரு கடல் பயணத்தை மனப்பாடம் செய்திருந்தோம். அதுதான் அன்றைய வழக்கம். எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை.

ஐயா தாள்களைத் திருத்திவிட்டுச் சொன்னார்: "ஆம்பூர்லேர்ந்து இத்தனை பேரு கப்பல் ஏறிட்டீங்க. வாந்தி கூட எல்லாரும் ஒரே எடத்துல எடுத்திருக்கீங்களே." பிறகு, பிழை இல்லாவிட்டால் மார்க்கு வரும், அப்படியே எழுதுங்கள் என்றார்.

அந்தக் கட்டுரையை நான் உரக்கப் படிப்பதை லில்லி கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு நாள் அதற்கு அர்த்தம் கேட்டாள், சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "நீ எப்பம்மா கப்பல்ல போன? என்னை உட்டுட்டா போன?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய உபவாசமான லெந்து நாட்கள் அவை. முழங்கால் போடுவேன், பழகிய வார்த்தைகள் தாமாக உருண்டு வரும், தாமாக முடியும். ஜெபமும் மனப்பாடம். வானம் தகரம்போல் மூடிக் கிடந்தது. இந்தப் பிள்ளையை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துவேன்? ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பரீட்சை வேலூரில். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா நாத்தம் இது" என்று முனகினாள். என் புடவைதான். தோல் பதனிடச் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய எங்கள் தெருவின் வாடை. எத்தனை துவைத்தாலும் போகாது. குறுகிப்போனேன்.

உங்கள் வாழ்வில் நேர்ந்த துயரம் ஒன்றை எழுதுக என்றிருந்தது. மனப்பாடம் செய்த கப்பலையே துறைமுகத்திலிருந்து கிளப்பினேன். கரையில் கைக்குட்டைகள் அசைந்தன. அடுத்த வரி வரவில்லை. தேடினேன், இல்லை. முழுவதும் போய்விட்டது. மை சொட்டியது.

அப்போது கண்ணை மூடி, வாய்க்குள் சொன்னேன்: "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியல. என் புள்ளைக்கு வீடு வேணும். என் புள்ளைக்கு வீடு வேணும்." வேறொன்றும் சொல்ல வரவில்லை.

குரல் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் இறங்கவில்லை. அந்த வாடை மட்டும் மறுபடியும் மூக்கில் ஏறியது. இந்த முறை அது என் கணவரின் சட்டை வாடை. எழுதிய கப்பலைக் கோடிட்டு அடித்துவிட்டேன். அவர் அன்று காலை கூழ் குடித்ததை, லில்லியின் பாதத்தைக் கிள்ளிச் சிரித்ததை, சுண்ணாம்புக் குழியிலிருந்து அவரைத் தூக்கி வந்ததை எழுதினேன். சின்னச் சின்ன வாக்கியங்கள். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அழுதுகொண்டே சொல்வேனே, அதே வரிசையில்.

பிறகு அடுத்த கேள்வியில் இருந்த சொற்பொழிவைப் படித்தேன். பஞ்சத்தில் வாடும் ஊருக்காக ஒருவர் மன்றாடுகிறார். முதலில் துக்கத்தை முன்னே வைக்கிறார். பிறகு கேட்கிறார். கேட்டதையே மறுபடி கேட்கிறார், விட முடியாததால். இதைத்தானே இப்போது நான் செய்தேன்! சுவரில் கதவு இருந்தது, அன்பானவர்களே.

முடிவு வந்த அன்று ஐயா வெயிலில் நடந்தே வந்து வாசலில் நின்றார். "தேறிட்டீங்கம்மா. கப்பல்ல எவ்ளோ தூரம் போனீங்க?"

"ஏறவே இல்லீங்க ஐயா."

லில்லி இன்று வேலூரில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். என் வகுப்பில் யாரும் கப்பல் ஏறுவதில்லை. இதை வாசிக்கிற நீங்கள் வார்த்தையற்றுப் போயிருந்தால், அழகான ஜெபத்தைத் தேடாதீர்கள். உங்கள் வீட்டு வாடையோடே அவரிடம் போங்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொள்ள மாட்டார்.