பயமா இறுக்கு

என் அக்கா புருஷன் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைத் திட்டப்போகிறேன்.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. சேர்ந்த புதிதில் அந்த வேலை அவர் உயிரை வாங்கியது. வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக முணுமுணுப்பார். அப்படியும் பக்கத்துக்கு நாலு பிழை தப்பிவிடும். "இந்த ரகரமும் றகரமும் சேர்ந்து என் வேலைக்கு உலை வச்சிடும்" என்று அக்காவிடம் புலம்புவார். மூன்று வருடத்தில் அட்டை போனது, முணுமுணுப்பும் போனது. "இப்பல்லாம் நான் தேடுறதே இல்ல. தப்பு தானா வந்து கண்ணுல குத்துது" என்பார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவைக் கை எடுப்பது அவருக்கே தெரியாது. மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதையும் விடமாட்டார். ஒருமுறை அறுநூறு பக்க நாவலைத் திருத்தி முடித்தார். கதை என்ன என்று கேட்டேன். "கதையா?" என்று முழித்தார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அவள் தொண்டையில்தானா வரவேண்டும் அந்தக் கட்டி! ஆபரேஷனுக்குப் பிறகு இனி குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தோம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதல் நாள் "ஜன்னள தொரங்க" என்று எழுதினாள். மாமா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் நோட்டில் இரண்டு இடத்தில் சிவப்பு மை. அக்கா சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் எழுதினாள்: "பயமா இறுக்கு."

மாமா இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கை அந்த 'று'வைச் சுழித்து, மேலே 'ரு' என்று எழுதியது. எனக்கென்னவோ அவள் எழுதியதுதான் சரி என்று பட்டது.

அக்கா அந்தச் சுழியைப் பார்த்தாள். நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா மாமா? பயமா இருக்குன்னு சொல்றா, நீங்க எழுத்து திருத்துறீங்க!"

"நானா? நான் எப்ப திருத்தினேன்?"

நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். "எழுதும்மா. எப்படி வேணாலும் எழுது. நான் தொடமாட்டேன்" என்று கெஞ்சினார். அவள் அவர் கன்னத்தைத் தட்டினாள். எழுதவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் எல்லாம் ஜாடைதான். எனக்கு எழுதுவாள்; அவர் கதவருகே வந்தால் தாளை மடக்கிவிடுவாள். அவரோ இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரி எழுதமாட்டாளா என்று உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்தபிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

பதினோராம் நாள் அக்கா போய்விட்டாள்.

சாமான்களை எடுக்கப் போனபோது நர்ஸ் ஓர் உறையை மாமாவிடம் கொடுத்தாள். "அம்மா உங்களுக்கு எழுதினது சார். எழுதி எழுதி எங்கிட்ட காட்டுவாங்க, தப்ப நான் திருத்திக் குடுப்பேன், பார்த்து மறுபடி எழுதுவாங்க. நாலு நாள் ஆச்சு."

"பழைய தாளெல்லாம்?" என்று கேட்டேன்.

"அவங்களே கிழிச்சுப் போட்டுட்டாங்க."

அங்கேயே காலிக் கட்டிலில் உட்கார்ந்து பிரித்தார். 'அன்புள்ள கணவருக்கு' என்று ஆரம்பித்தது. 'வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். என்னை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.' ஒற்றுகூட விடுபடவில்லை. எங்கள் அக்கா ஆயுளில் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை.

மாமா படித்து முடித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். மூன்றாம் முறை விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்தெழுத்தாக முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"என்ன மாமா தேடுறீங்க?"

"ஒண்ணாவது இருக்கும்" என்றார், தலை நிமிராமல். "எங்கயாவது ஒண்ணு விட்டிருப்பா. அது போதும் எனக்கு, அவதான் எழுதினான்னு இருக்கும்."