திருநெல்வேலிக்குக் கச்சேரி கேட்கப் போனோம்

திருநெல்வேலி எங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்வது என் வழக்கம். எங்கள் குடும்பம் அங்கிருந்து திருவனந்தபுரம் வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகிக் குடியிருப்பது எல்லாம் ஸ்ரீவராகத்தின் இரண்டு தெருக்களுக்குள். திருநெல்வேலியை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, ஆபீஸில் யார் சாம்பாரைப் பற்றிப் பேசினாலும், மழையைப் பற்றிப் பேசினாலும், "எங்க ஊர்ப்பக்கம் இப்படி இல்லையாக்கும்" என்று ஆரம்பித்துவிடுவேன்.

இதையெல்லாம் அதிகம் கேட்டு அனுபவித்தவள் என் தோழி. தம்பானூரில் எங்கள் ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரி. மலையாளி; தமிழ்ப் பாட்டு என்றால் உயிரை விடுவாள். நாங்கள் இருவரும் கல்லூரி நாட்களிலிருந்து கேட்டுவரும் பாடகர் ஒருவர் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் பாடப்போகிறார் என்று கண்டுபிடித்தது அவள்தான். டிக்கெட் எடுத்தது அவள். கார் அவளுடையது, ஓட்டப்போகிறவளும் அவள். என் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அங்கே போய் வழி கேக்கறது, பேசறது எல்லாம் நான் பாத்துக்கறேன், கேட்டியோ" என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பினோம். களியக்காவிளை தாண்டியதும் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறின. நான் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தேன். அவளுக்கும் தமிழ் படிக்கத் தெரியும் என்பது ஆரல்வாய்மொழி காற்றாலைகள் வரும்வரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சாயங்காலம் மண்டபத்தைத் தேடிப் புறப்பட்டோம். அவள் கைபேசியில் இருந்த வரைபடம் இடது பக்கம் திரும்பச் சொன்னது. எங்கள் ஊரில் ஒரு இயந்திரம் எனக்கு வழி சொல்வதா என்று தோன்றியது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, பூக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பாட்டுக் கச்சேரி இங்க எவிடெயாக்கும்?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, காது கேளாதவரிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "கச்சேரியா? அன்னா, அந்த மண்டவத்துலதான் நடக்கு. நேரா போயி, சோத்தாங்கைப் பக்கம். கேரளாவாம்மா நீங்க?"

தோழி ஸ்டியரிங் மேல் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

நேரே போய் வலது பக்கம் திரும்பினோம். பெரிய மண்டபம். வாசலில் கூட்டமாக இருந்ததால் காவலாளி எங்களைப் பின்பக்கம் வண்டி நிறுத்த அனுப்பினார். பக்கவாட்டுக் கதவு வழியாகவே உள்ளே போய்விட்டோம். பாவாடை தாவணி கட்டிய பெண்கள் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் நீட்டினார்கள்.

"எடீ, இது தன்னேயாணோ? இதுதானா இடம்?" என்றாள் தோழி. "டிக்கெட்டு யாரும் கேக்கலையே."

"இங்கெல்லாம் கச்சேரிக்கு வரவாளுக்கு இதான் மரியாதை. உங்க ஊர் மாதிரி வாசல்ல நிறுத்திக் கிழிச்சு அனுப்ப மாட்டா."

மேடையின் ஒரு ஓரத்தில் கீபோர்டும் தபேலாவும். நடுவில் சிவப்பு வெல்வெட் போட்ட இரண்டு பெரிய நாற்காலிகள்.

"அது யாருக்கு?"

"பாடகரையும் அவர் ஆத்துக்காரியையும் உக்கார வச்சுப் பொன்னாடை போத்துவா."

இந்தப் பதிலை யோசிக்காமல் சொன்னேன். எனக்கே அது சரியென்றுதான் பட்டது. இரண்டாவது வரிசையில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். ஒரு ஒல்லியான இளைஞன் மைக்கைப் பிடித்து, எந்தப் பாட்டைக் கேட்பதற்காக அத்தனை தூரம் வந்தோமோ அதையே பாடினான். தோழி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் அவள் காதருகில் குனிந்து, "இவனெல்லாம் சும்மா மைக் சரியாருக்கான்னு பாக்கறதுக்கு. பெரியவர் வரட்டும், அப்பறம் பாரு" என்றேன்.

திடீரென்று நாதஸ்வரம் கேட்டது. எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். பாடகர் வந்துவிட்டார் என்று நான் எழுந்து நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பலமாகத் தட்டினேன். அந்த மண்டபத்தில் அப்போது தட்டியவள் நான் ஒருத்திதான். மாலையும் கழுத்துமாக, மாப்பிள்ளையும் பெண்ணும் எனக்கு நேராக நடந்து வந்தார்கள். பெண் என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். என் பின்னாலிருந்த சிலர், இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, அவர்களும் தட்டினார்கள்.

உட்கார்ந்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்பதுபோல உட்கார்ந்தேன். தோழி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பக்கக் கதவைப் பார்த்து நாங்கள் நழுவும்போது, பெண்ணின் அம்மா வழிமறித்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? மாப்பிள்ள வீட்டுப் பக்கமா?"

என் வாயிலிருந்து அப்போது 'ஆமாம்' என்று வந்திருக்கும். அதற்குள் தோழி முந்திக்கொண்டாள். "இல்ல அக்கா. நாங்க பாட்டுக் கச்சேரிக்கு வந்தது, திருவனந்தபுரத்திலேர்ந்து. தெத்திப் போச்சு, இடம் மாறி வந்துட்டோம்."

அந்த அம்மாள் எங்கள் நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார். கையிலிருந்த கல்கண்டைப் பார்த்தார். பிறகு, மகள் கல்யாணத்தின் அலைச்சல் அத்தனையும் கரைந்துபோகிற மாதிரி சிரித்தார். "அது அடுத்த தெருவுல்லா. நீங்க கை தட்டுனதப் பாத்து, சம்பந்தி வீட்டுல என்ன பாசமான சனம்னு எங்க வீட்டுக்காரவுககிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

"மன்னிச்சுக்கோங்கோ" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? சாப்பிடாமப் போனீகன்னா எங்களுக்குல்லா கொறச்சல். வாங்க, மொதப் பந்தியிலயே ஒக்காந்துருங்க."

எவ்வளவு சொல்லியும் விடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலை முன்னால் உட்கார வைத்தார். கச்சேரி ஆரம்பித்திருக்கும் என்ற பதைப்பில் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவதென்று முடிவு செய்தேன். தேங்காய்ப்பால் மணக்கச் சொதி வந்தது. அந்த முடிவை நான் பிறகு நினைக்கவில்லை. பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கியபோது தோழி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் டிக்கெட்டைக் கேட்டார்கள், வாங்கினார்கள், கிழித்தார்கள். உள்ளே இருட்டு. எங்கள் இடங்களைத் தேட முடியாமல் கடைசிச் சுவரோரமாக நின்றோம். மேடையில் அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடங்களில் கூடப் பாடும் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்படி நிறுத்திய ஒரு இடத்தில் மிச்ச வரியை நான் வாய்க்குள் பாடி முடித்தேன்.

பக்கத்தில் நின்றவரிடம், எங்கள் பாட்டைப் பாடிவிட்டாரா என்று கேட்டேன்.

"அதானம்மா மொதப் பாட்டே" என்றார்.

தோழியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எல்லாம் என்னால்தான் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரமில்லடீ, பரவாயில்ல. ஒரு பாட்டுதானே போச்சு. அந்தப் பையன் நல்லாத்தான் பாடினான். நீதான் கேக்க விடல்லே."

மிச்சம் இருந்த பாட்டுகளை நின்றபடியே கேட்டோம். கடைசிப் பாட்டுக்கு மண்டபம் முழுவதும் எழுந்து தட்டியது. நான் சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டு, எல்லோரும் தட்டுவது உறுதியான பிறகுதான் தட்டினேன்.

மறுநாள் திரும்பும் வழியில் வரைபடம் சொன்ன இடத்திலெல்லாம் திரும்பினோம். நாங்குநேரியில் டீ குடிக்க நிறுத்தியபோது, தோழி என்னை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தானே போய்க் கேட்டு வாங்கி வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர், "கச்சேரி எப்படி?" என்றார்.

"சாப்பாடு பிரமாதம்" என்றேன்.